குண்டுமல்லிக்குப் பட்டினி, பிச்சிக்குப் பந்தல்

கேள்வி இது: மாடியில் வெயில் விழும் இடத்தில் இரண்டு பெரிய தொட்டிகள். ஒன்றில் குண்டுமல்லி, மற்றதில் ஜாதிமல்லி. இரண்டுக்கும் ஒரே மண், ஒரே அளவு தண்ணீர், ஒரே உரம். நவம்பர் கடைசியில் இரண்டையும் ஒன்றாகவே வெட்டிவிட்டார்கள். பங்குனியில் குண்டுமல்லி பூத்துத் தள்ளியது. ஜாதிமல்லியோ ஆறடிக்குக் கொடி ஓடியும் பத்துப் பூவுக்கு மேல் தரவில்லை. எங்கே தவறு, இரண்டில் எதை வைத்துக்கொள்ளலாம்?

தவறு அந்த 'ஒரே'யில்தான் இருக்கிறது. இரண்டும் ஒரே பேரினம், இரண்டுமே வெள்ளைப் பூ, இரண்டையுமே கட்டித் தலையில் வைக்கிறோம். அதனால் வளர்ப்பும் ஒன்றுதான் என்று தோன்றிவிடுகிறது. ஆனால் குண்டுமல்லி கோடையின் செடி, ஜாதிமல்லி ஆடிக்குப் பிறகு வேகம் எடுக்கும் செடி. பங்குனியில் ஜாதிமல்லியிடம் பூ கேட்பது ஐப்பசியில் மாமரத்தைப் பார்த்துக் கோபித்துக்கொள்வது மாதிரி. பாதிக் குறை அங்கேயே தீர்ந்துவிடும். மீதிப் பாதிக்கு நவம்பர் கவாத்தும் (கிளைகளை வெட்டிவிடுவது) யூரியாவும் காரணமாக இருக்கலாம். அதற்குக் கீழே வருகிறேன்.

முதலில் பெயர். சென்னைப் பக்கம் ஜாதிமல்லி என்பதைத் தெற்கே பிச்சி என்பார்கள். கன்னியாகுமரி மாவட்டத்துத் தோவாளைப் பூச்சந்தையில் பிச்சிப்பூ என்றுதான் கேட்க வேண்டும். தாவரப் பெயர் ஜாஸ்மினம் கிராண்டிஃபுளோரம். குண்டுமல்லி என்பது ஜாஸ்மினம் சம்பாக். 2013இல் புவிசார் குறியீடு பெற்ற மதுரை மல்லியும் இந்தச் சம்பாக்தான், வேறு இனம் இல்லை. இங்கே பிச்சி என்றே எழுதுகிறேன், குழப்பம் குறையும்.

நர்சரியில் பெயர்ச் சீட்டை நம்ப வேண்டாம், இலையைப் பாருங்கள். குண்டுமல்லிக்கு ஒரு காம்பில் ஒரே இலை. அகலமாக, நரம்பு பள்ளமாகத் தெரியும்படி, எதிரெதிராக இரண்டிரண்டாய் நிற்கும். பிச்சிக்கு ஒரு காம்பில் பெரும்பாலும் ஏழு சிற்றிலைகள். நுனியில் இருப்பது மட்டும் பெரிது, கூராக நீண்டிருக்கும். ஒரு பெரிய சிற்றிலையும் அதன் அடியில் காது மாதிரி இரண்டு சின்னதும் இருந்தால் அது முல்லை. ஜாதிமல்லி என்று சொல்லி முல்லையைக் கொடுத்துவிடுவது சாதாரணமாக நடக்கிற கதை. பூக்காத செடியில் இதைத் தவிர வேறு சுலபமான அடையாளம் கிடையாது.

தண்டிலும் வித்தியாசம் உண்டு. குண்டுமல்லியின் இளந்தண்டில் மெல்லிய ரோமம் இருக்கும், விரலுக்குச் சொரசொரக்கும். கிளை பாதி நிமிர்ந்து, பாதி சாய்ந்து, புதர் போல நிற்கும். விட்டால் சாய்ந்து ஓடும், ஆனாலும் மூன்றடியில் அடக்கி வைக்கலாம். பிச்சியின் தண்டு பச்சையாக, மெலிதாக, விளிம்பு கட்டியிருக்கும். ரோமம் கிடையாது. அது தானாகச் சுற்றி ஏறும் கொடியும் இல்லை, நிமிர்ந்து நிற்கும் புதரும் இல்லை. வில்லாக வளைந்து தரையைத் தொடப் பார்க்கும். தரை தொட்ட கணுவில் வேர் விடும். அதனால் பிச்சிக்குத் தாங்கு கட்டாயம். தொட்டிக்குள் மூன்று மூங்கில் குச்சியை முக்கோணமாக நட்டு உச்சியில் கட்டினால் போதும். கொடியை அதில் கட்டும்போது சணலை எட்டு வடிவில், தளர்வாகப் போடுங்கள். பிளாஸ்டிக் கயிற்றை இறுக்கினால் மாடிக் காற்றில் தண்டு அறுபடும்.

இனி பூ எங்கே வருகிறது என்பது. இரண்டுமே புதிதாகத் துளிர்த்த கிளையில்தான் பூக்கும், பழைய கட்டையில் பூக்காது. குண்டுமல்லியில் நுனியில் மூன்று மொட்டுக் கொத்து, நடுவில் இருப்பது முதலில் முற்றும். செழிப்பான கிளையில் மொட்டு இன்னும் கூடும். ஆக, எத்தனை நுனியோ அத்தனை கொத்து. ஒரு கிளையைக் கிள்ளினால் இரண்டு நுனி, இரண்டையும் கிள்ளினால் நான்கு. இந்தக் கணக்கு குண்டுமல்லிக்கு அப்படியே பொருந்தும். ஒரு சுற்றுப் பூ முடிந்ததும் பூத்த நுனியை இரண்டு இலை ஜோடியோடு சேர்த்துக் கிள்ளிவிட்டால், ஒரு மாதத்திலிருந்து ஒன்றரை மாதத்துக்குள் அடுத்த சுற்று வந்துவிடும். மார்ச் முதல் ஜூன் வரை இப்படி இரண்டு மூன்று சுற்றுகள் எடுக்கலாம்.

பிச்சியில் அந்தக் கணக்கைப் போடக் கூடாது. அதன் கொத்து நீண்ட கிளையின் நுனியிலும், நுனிக்குக் கீழே உள்ள இலைக்கக்கங்களிலும் (இலைக்காம்பு தண்டில் சேரும் இடம்) பிரிந்து பிரிந்து வரும். கிளை நீண்டு, கொஞ்சம் வளைந்து, முதிர்ந்த பிறகுதான் அது நடக்கும். குண்டுமல்லியைப் போல மாதா மாதம் கிள்ளினால் பிச்சி மறுபடி மறுபடி கிளைதான் விடும். கொடி ஓடுகிறதே என்று பதறி வைகாசி, ஆனியில் நுனியை வெட்டுகிறவர்கள் ஆடிப் பூவைத் தாங்களே வெட்டி எறிகிறார்கள். நட்ட முதல் வருடம் அடர்த்திக்காக இரண்டு மூன்று முறை கிள்ளலாம். பிறகு சித்திரையோடு கத்திரிக்கோலை உள்ளே வைத்துவிட வேண்டும்.

கவாத்தின் மாதமும் வேறு. தமிழ்நாட்டில் குண்டுமல்லியை நவம்பர் கடைசியில் தரையிலிருந்து 50 செ.மீ. உயரத்தில் வெட்டுவது வழக்கம். பிச்சிக்கு டிசம்பர் கடைசியிலிருந்து ஜனவரிக்குள், 45 செ.மீ. உயரத்தில். உயரத்தைப் பற்றி அவ்வளவு கவலைப்பட வேண்டாம், நாள்தான் முக்கியம். பிச்சி நவம்பரிலும் பூத்துக்கொண்டிருக்கும் செடி. அப்போது வெட்டினால் கையிலிருக்கும் பூ போகும். அதோடு, வடகிழக்கு மழையின் ஈரத்தில் இளந்துளிர் வரும், இலைக்கருகல் பூஞ்சை அந்தத் துளிரைத்தான் முதலில் பிடிக்கும். மழை ஓய்ந்த பிறகு வெட்டினால் துளிர் சுத்தமாக வரும்.

குண்டுமல்லியின் கவாத்தைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன், ஏனென்றால் கோடையில் வரும் பூ பெரும்பாலும் அந்த ஒரு வாரத்தில்தான் முடிவாகிறது. வெட்டுவதற்கு ஏழிலிருந்து பத்து நாள் முன்பே தண்ணீரை நிறுத்துங்கள். மழை பெய்தால் தொட்டியைக் கூரைக்கடியில் நகர்த்தி வையுங்கள். இலை பளபளப்பு இழந்து, மதியத்தில் லேசாகத் தொங்கும். சில இலைகள் மஞ்சளாகி உதிரும். பயப்பட வேண்டாம், அதுதான் வேண்டும். பிறகு கூரான கத்திரியால் போன பருவத்துக் கிளைகளை எல்லாம் 50 செ.மீ. உயரத்துக்கு வெட்டுங்கள். தொட்டியில் 30 செ.மீ.க்குக் கூடக் குறைக்கலாம். காய்ந்தது, உள்நோக்கிப் போவது, ஒன்றையொன்று உரசுவது, பென்சிலை விட மெலிந்தது ஆகிய எல்லாம் அடியோடு போகட்டும். வெட்டு, கணுவுக்கு அரை செ.மீ. மேலே, சாய்வாக விழ வேண்டும். கணுவுக்கு மேலே நீளமாகக் குச்சியை விட்டுவிட்டால் அது கீழ்நோக்கிக் காய்ந்து கணுவையும் சேர்த்துக் கொல்லும். மிஞ்சிய இலைகளையும் கையால் உருவிவிடுங்கள். தடித்த வெட்டுகளில் காப்பர் ஆக்ஸிகுளோரைடு என்ற பூஞ்சைக்கொல்லியைக் குழைத்துத் தடவலாம். மேல்மண்ணை இரண்டு அங்குலம் கிளறி, பழைய மண்ணைக் கொஞ்சம் எடுத்துவிட்டு, மக்கிய தொழுவுரம் இரண்டு கிலோ, வேப்பம்புண்ணாக்கு 100 கிராம் போட்டு மூடி, அப்புறம்தான் தண்ணீர். இரண்டு மூன்று வாரத்தில் கட்டையெல்லாம் துளிர்க்கும், பிப்ரவரி கடைசியில் மொட்டு தெரியும்.

பிச்சியை இந்த மாதிரி பட்டினி போட வேண்டாம். மெலிந்த தண்டு, மெலிந்த சிற்றிலை. காய்ந்தால் கிளை நுனியிலிருந்து கருகிக்கொண்டே வரும், திரும்பப் பச்சை பிடிக்க ஒரு மாதம் ஆகும். கவாத்திலும் எல்லாவற்றையும் ஒரே உயரத்தில் மொட்டையடிக்காமல், நல்ல தடித்த கிளைகள் ஆறு ஏழு மட்டும் 45 செ.மீ.க்கு நிறுத்தி, மற்றதை அடியோடு எடுப்பது தொட்டிச் செடிக்கு ஏற்றது. காரணம் இடம்தான். மீண்டும் துளிர்க்கும்போது ஒவ்வொரு கிளையும் ஐந்தடி போகும். பதினைந்து கிளை துளிர்த்தால் தாங்குக் குச்சியில் வைக்கோல்போர் மாதிரி ஆகி, உள்ளே வெயில் போகாது.

தண்ணீருக்கு வருவோம். குண்டுமல்லிக்கு: சுட்டுவிரலை இரண்டு கணு ஆழம் மண்ணில் விட்டுப் பாருங்கள். காய்ந்திருந்தால் ஊற்றுங்கள், ஈரம் தட்டினால் நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம். ஏப்ரல், மே மாதங்களில் மாடித் தொட்டிக்குத் தினமும் காலையில் மூன்று, நான்கு லிட்டர் வேண்டியிருக்கும். மொட்டு விட்ட பிறகு பட்டினி போட்டால் மொட்டு சிறுத்து உதிரும். பட்டினி கவாத்துக்கு முன்னால் மட்டும்தான். மழைக்காலத்தில் மூன்று நாளைக்கு ஒருமுறைகூட வேண்டியிருக்காது. பிச்சிக்கு மேல்மண் ஒரு கணு காய்ந்ததுமே ஊற்ற வேண்டும். கோடையில் மண்ணின் மேல் தேங்காய்மட்டைத் துண்டுகளையோ சருகையோ இரண்டு அங்குலம் பரப்பி வைத்தால் பாதிச் சிரமம் குறையும். அதே மூடாக்கைக் குண்டுமல்லிக்குப் போட்டால் மழைக்காலத்தில் எடுத்துவிடுங்கள். ஈரம் தங்கி வேர் அழுகும் செடி அது.

இந்த வித்தியாசம் மண் கலவையிலும் வர வேண்டும். குண்டுமல்லிக்குச் செம்மண் இரண்டு பங்கு, மக்கிய தொழுவுரம் ஒரு பங்கு, ஆற்றுமணலோ பருமனான எம்-சாண்டோ ஒரு பங்கு. இப்போது கடைகளில் விற்கும் கலவையில் பெரும்பகுதி தேங்காய்நார்த் தூள். எடை குறைவு என்று மாடிக்கு எல்லோரும் வாங்குகிறார்கள். குண்டுமல்லிக்கு அது சரிப்படாது: ஈரத்தை விடாமல் பிடித்துக்கொள்ளும், சத்து தங்காது, ஒரு வருடத்தில் அமுங்கிச் செடி சாயும். பிச்சிக்கு மணலைப் பாதியாகக் குறைத்து, அந்த இடத்தில் நார்த்தூளோ மண்புழு உரமோ சேர்க்கலாம். தொட்டி அளவு: குண்டுமல்லிக்கு 15 அங்குல அகலம், 15 அங்குல உயரம், அதாவது நாற்பது லிட்டருக்குச் சற்று மேல். பிச்சிக்கு 18 அங்குலத்துக்குக் குறையாமல். தரையில் நடுவதானால் இரண்டுக்கும் ஒன்றரை அடி நீள, அகல, ஆழக் குழி, பத்து கிலோ தொழுவுரம். இடைவெளி மட்டும் மாறும்: குண்டுமல்லிக்கு 1.25 மீட்டர், பிச்சிக்கு வரிசைக்கு வரிசை 2 மீட்டர், செடிக்குச் செடி 1.5 மீட்டர். வயலில் ஒரே பரப்பில் குண்டுமல்லி கிட்டத்தட்ட இரண்டு மடங்கு செடி நிற்கும் என்பதிலிருந்தே பிச்சி எவ்வளவு இடம் கேட்கும் என்று தெரிந்துகொள்ளலாம்.

வெயில் விஷயத்தில் குண்டுமல்லி பேரம் பேசாது. ஆறு மணி நேர நேர்வெயில் வேண்டும். நான்குக்குக் கீழே போனால் கணுவிடை நீண்டு, இலை பெருத்துக் கருப்பச்சையாகி, பார்க்க அழகாக இருக்கும், பூ மட்டும் இருக்காது. அடுக்குமாடிப் பால்கனியில் 'செடி செழிப்பா இருக்கு, பூதான் இல்லை' என்று வரும் கேள்விகளில் பெரும்பாலானவற்றுக்கு இதுதான் பதில். மோர்த் தண்ணீர், வாழைப்பழத்தோல் தண்ணீர், டீத்தூள் எதுவும் வெயிலுக்கு ஈடாகாது (சர்க்கரை கலந்த டீத்தூளுக்கு எறும்புதான் நன்றி சொல்லும்). பிச்சி காலை வெயில் ஐந்து மணி நேரமும் பிற்பகல் நிழலும் கிடைத்தால் ஒத்துப்போகும். சொல்லப்போனால் மே மாதத்து மொட்டைமாடியில் அதற்குப் பிற்பகல் நிழல் நல்லதுதான்.

உரம். தரையில் நிற்கும் வளர்ந்த குண்டுமல்லிப் புதருக்கு வருடத்துக்குத் தழைச்சத்து (நைட்ரஜன்) 60 கிராம், மணிச்சத்து (பாஸ்பரஸ்) 120, சாம்பல்சத்து (பொட்டாஷ்) 120 என்பது தமிழ்நாட்டுப் பரிந்துரை. இதைக் கவாத்து முடிந்ததும் பாதி, ஜூன், ஜூலையில் பாதி என்று வைப்பார்கள். கடைச் சரக்காகக் கணக்குப் போட்டால் யூரியா 130 கிராம், சூப்பர் பாஸ்பேட் 750 கிராம், பொட்டாஷ் 200 கிராம். தொட்டிக்கு இதில் கால்வாசி போதும். அதையும் ஆறாகப் பிரித்து, ஒரு முறைக்கு யூரியா 5 கிராம், சூப்பர் 30 கிராம், பொட்டாஷ் 8 கிராம் என்று, தண்டிலிருந்து ஒரு சாண் தள்ளி, ஈரமண்ணில் போட்டுத் தண்ணீர் விட வேண்டும். காய்ந்த மண்ணில் போட்டால் வேர் கருகும். இதில் கவனிக்க வேண்டியது விகிதம்: மணியும் சாம்பலும் தழையைப் போல இரண்டு மடங்கு. வெறும் யூரியாவோ, கடலைப்புண்ணாக்குக் கரைசல் மட்டுமோ மாதா மாதம் விட்டால் தழைச்சத்து மிஞ்சிப்போகும்.

பிச்சிக்கு உடம்பு பெரிது, தழைச்சத்து கூடுதலாகவே கேட்கும். ஆனால் எப்போது என்பதில்தான் சூட்சுமம். கவாத்து முடிந்து பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை கொடி வளரும் காலத்தில் தழைச்சத்து கொடுங்கள். மே முதல் அதை நிறுத்தி, எலும்புத்தூள் 50 கிராம் ஒரு முறை, பொட்டாஷ் 10 கிராம் மாதம் ஒரு முறை என்று மாறிவிடுங்கள். மே, ஜூனில் யூரியா பார்த்த பிச்சி, ஓடிக்கொண்டேதான் இருக்கும். ஆறடிக் கொடியும் பத்துப் பூவும் என்பதன் விளக்கம் பெரும்பாலும் இதுதான்.

ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் விடுகிறவர்களுக்கு ஒரு தனிச் சிக்கல். அந்தத் தண்ணீரில் சுண்ணாம்பு கூடுதல், மண் காரமாகிப்போகும், மண்ணில் இரும்பு இருந்தும் வேரால் எடுக்க முடியாது. குண்டுமல்லியில் இது பளிச்சென்று தெரியும்: இளம் இலை மஞ்சளாகி, நரம்பு மட்டும் பச்சைக் கோடாக நிற்கும். முற்றினால் இலை வெளிறி வெள்ளையாகும். அன்னபேதி உப்பு (இரும்பு சல்பேட்) 5 கிராமை ஒரு லிட்டர் தண்ணீரில் கரைத்து, அரை எலுமிச்சம்பழம் பிழிந்து, மாலையில் இலையின் இருபுறமும் தெளியுங்கள். பத்து நாளுக்கு ஒருமுறை, மூன்று முறை. கரைசல் பழுப்பாக மாறும் முன் தெளித்துவிட வேண்டும், வைத்திருந்தால் வீண். இளம் இலை பச்சையாக இருந்து அடி இலை மட்டும் மஞ்சளாகி உதிர்ந்தால் அது வேறு கதை. பெரும்பாலும் தண்ணீர் தேங்கி வேர் அழுகத் தொடங்கியிருக்கும். அப்போது அன்னபேதி தெளிப்பது வீண். தொட்டியின் ஓட்டையைப் பாருங்கள், வேரை முகர்ந்து பாருங்கள். கறுத்து, புளித்த வாடை வந்தால் அழுகிய வேரை வெட்டி, புது மண்ணில் வைத்து, காப்பர் ஆக்ஸிகுளோரைடு லிட்டருக்கு இரண்டரை கிராம் கரைத்து வேருக்கு ஊற்றுங்கள். பத்து நாளாவது கழித்து டிரைக்கோடெர்மா விரிடி என்ற நன்மை செய்யும் பூஞ்சையைக் கொடுங்கள். இரண்டையும் சேர்த்துக் கொடுத்தால் அந்த நல்ல பூஞ்சையும் பாதிக்கப்படும்.

மொட்டு செம்மை தட்டினால் பலரும் பதறுகிறார்கள். பிச்சி மொட்டின் வெளிப்புறத்தில் இளஞ்சிவப்புக் கோடு இருப்பது அதன் இயல்பு. குழலின் ஒரு பக்கத்தில் குங்குமம் தீற்றியது போல இருக்கும், மலர்ந்தால் உள்ளே வெள்ளை. அதற்கு மருந்து அடிக்கிறவர்களும் இருக்கிறார்கள். குண்டுமல்லி மொட்டு ஊதாவாகிச் சிவந்தால்தான் கவலைப்பட வேண்டும். ஒரு மொட்டைக் கிள்ளி நகத்தால் பிளந்து பாருங்கள். அடியில் வீங்கி, உள்ளே பொடிப்பொடியாக வெள்ளைப் புழுக்கள் நெளிந்தால் அது மொட்டு ஈ. மொட்டின் பக்கத்தில் குண்டூசி நுழையும் அளவு ஓட்டையும், உள்ளே ஒரே ஒரு பச்சை நிறப் புழுவும், மேலே கழிவோடு மெல்லிய நூலாம்படையும் இருந்தால் மொட்டுப்புழு. இந்தப் புழு ஒரு மொட்டைத் தின்று முடித்துப் பக்கத்து மொட்டுக்கும் போகும்.

மொட்டு ஈ கூட்டுப்புழுவாவது மண்ணில். ஆகவே செடியில் மட்டும் தெளித்துப் பயனில்லை. பாதித்த மொட்டையெல்லாம் தினமும் பறித்து, உதிர்ந்ததையும் பொறுக்கி, பிளாஸ்டிக் பையில் கட்டி வெயிலில் போடுங்கள். உரக்குழியில் போடக் கூடாது. மேல்மண்ணை வாரம் ஒருமுறை ஒரு அங்குலம் கிளறிக் காயவிடுங்கள், மாதம் 50 கிராம் வேப்பம்புண்ணாக்குத் தூவுங்கள். வேப்பெண்ணெய் 5 மில்லி, காதி சோப்புக் கரைசல் 2 மில்லி, தண்ணீர் ஒரு லிட்டர், நன்றாகக் கலக்கி வாரம் ஒருமுறை மாலையில். வீட்டுச் செடிக்கு நான் இதற்கு மேல் போக மாட்டேன். பறித்த கையோடு தலையில் வைக்கிற பூ இது, குழந்தைகள் முகர்கிற பூ. பிச்சியையும் இந்த இரண்டும் தாக்கும், ஆனால் வீட்டுத் தொட்டியில் குண்டுமல்லிதான் அதிகம் மாட்டும்.

கோடையில் செஞ்சிலந்தி இரண்டுக்கும் பொது. இலையின் மேல் மஞ்சள் புள்ளியாக உப்பைத் தூவியது போல இருக்கும். ஒரு வெள்ளைத் தாளை அடியில் பிடித்து இலையைத் தட்டினால் மிளகாய்ப்பொடி போல விழுந்து நகரும். வாரம் இரண்டு முறை இலையின் அடிப்பக்கத்தில் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சினாலே பெரும்பாலும் அடங்கிவிடும். அடங்காவிட்டால் நனையும் கந்தகம் லிட்டருக்கு இரண்டு கிராம். நல்ல வெயில் நேரத்தில் அடித்தால் இலை பொசுங்கும். வேப்பெண்ணெய் தெளித்து மூன்று வாரத்துக்குள் கந்தகம் வேண்டவே வேண்டாம்.

மழைக்காலம் வந்தால் பிச்சியின் முறை. சிற்றிலையில் பழுப்பு வட்டங்கள் தோன்றி, ஒன்றோடொன்று சேர்ந்து, ஓரம் சுருண்டு கருகும். அடர்ந்த செடியில் ஒரு வாரத்தில் பாதி இலை போய்விடும். காற்றோட்டம்தான் முதல் மருந்து: உள்ளே நெரிசலான கிளையை எடுத்துவிடுங்கள், தொட்டியைச் சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி வையுங்கள், தண்ணீரை இலையில் படாமல் ஊற்றுங்கள். அப்படியும் பரவினால் மான்கோசெப் என்ற பூஞ்சைக்கொல்லி லிட்டருக்கு இரண்டு கிராம், பதினைந்து நாள் இடைவெளியில் இரண்டு முறை. மருந்து அடித்த வாரம் பூவைக் கட்ட வேண்டாம். இளந்தண்டு வீங்கி முறுக்கிக்கொண்டு, மேலே ஆரஞ்சுப் பொடி படிந்தால் அது துரு நோய். அந்தக் கிளையை ஒரு சாண் கீழே வரை வெட்டி எறிவதுதான் வழி.

வேரில் முடிச்சு முடிச்சாக இருந்தால் நூற்புழு. வேப்பம்புண்ணாக்கும், பக்கத்தில் ஒரு செண்டுமல்லியும் உதவும். பெயரில் மல்லி இருந்தாலும் அது சாமந்திக் குடும்பம்.

பறிப்பதற்கு நேரம் உண்டு. குண்டுமல்லி மொட்டில் பச்சைச் சாயல் முழுதும் போய், சுண்ணாம்பு வெள்ளையாக உருண்டிருந்தால் அன்று மாலை மலரும். அதை விடிகாலையில் பறிக்க வேண்டும். பச்சை தெரியும் மொட்டைப் பறித்தால் அது கடைசிவரை மலராது, நாரில் அப்படியே வாடும். பிச்சிக்குக் குழல் முழுதும் நீண்டிருக்க வேண்டும். வீட்டில் பிற்பகல் நான்கு மணிக்குப் பறித்து உடனே கட்டிவிடுவது வசதி. அதன் இதழ் மெலிது, கை அழுத்தினாலே பழுப்பாகும், மறுநாள் மதியத்துக்குள் துவண்டுவிடும். ஈரத்துணியில் பொதிந்து வைத்தால் குண்டுமல்லி தாங்குகிற அளவு பிச்சி தாங்காது. சந்தையில் பிச்சிச் சரம் ஏன் அவசர அவசரமாகக் கைமாறுகிறது என்பதற்கு இதுவே காரணம்.

மணத்தில் எது மேல் என்பது சண்டை முடியாத விஷயம். குண்டுமல்லியின் மணம் கனமானது, இனிப்பு தூக்கல், அறையை நிரப்பும். பிச்சி மெல்லியது, கூர்மையானது, லேசாகப் பழ வாசனை கலந்தது, தூரத்திலிருந்து வரும்போதுதான் அழகு. மணம் எடுக்கும் தொழிலில் பிச்சிக்குத் தனி மதிப்பு. பிரான்சின் கிராஸ் நகரத்து வாசனைத் தொழில் பேர் வாங்கிய மல்லிகையும் இந்தக் கிராண்டிஃபுளோரம்தான். குண்டுமல்லிக்கு வேறு பெருமை: பிலிப்பைன்ஸ் நாட்டின் தேசிய மலர் அது, சீனாவில் தேயிலைக்கு மணமேற்றுவதும் அதை வைத்துத்தான்.

கன்று வாங்குவதானால் குண்டுமல்லிக்கு ராமநாதபுரம் தங்கச்சிமடம் பக்கத்துப் பதியன்களுக்கு (கிளையை மண்ணில் பதித்து வேர்விட்ட கன்று) நீண்ட காலமாக நல்ல பெயர். பிச்சியில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட கோ.1, கோ.2 இரகங்களைக் கேட்டு வாங்கலாம். கோ.2வின் மொட்டு தடித்து, குழல் நீண்டு இருக்கும், கட்டச் சுலபம். நீங்களே பெருக்குவதானால் இரண்டுக்கும் ஜூன் முதல் நவம்பர் வரை நல்ல காலம். பென்சில் கனமுள்ள, பாதி முற்றிய கிளையில் ஒரு சாண் துண்டு, மூன்று நான்கு கணு. அடி வெட்டு கணுவுக்குச் சற்றுக் கீழே. அடி இலையை எடுத்துவிட்டு, மேல் இலையைப் பாதியாக நறுக்கி, இரண்டு கணு மணலுக்குள் போகும்படி ஊன்றி, நிழலில் ஈரமாக வைத்தால் நான்கிலிருந்து ஆறு வாரத்தில் வேர். பிச்சியில் இன்னும் எளிய வழி, தாழ்ந்த கொடியைப் பக்கத்துத் தொட்டி மண்ணில் அழுத்தி ஒரு கல்லை வைத்துவிடுவது. மூன்று மாதத்தில் பிரித்து எடுக்கலாம்.

எதை வைத்துக்கொள்வது? ஒரே தொட்டிக்கு இடம், மொட்டைமாடி வெயில், நாலு நாள் ஊருக்குப் போனால் தண்ணீர் விட ஆளில்லை என்றால் கண்ணை மூடிக்கொண்டு குண்டுமல்லி. தரையில் காம்பவுண்டுச் சுவர் ஓரம், கேட்டுக்கு மேலே ஒரு கம்பி வளைவு, பிற்பகல் நிழல் இருந்தால் பிச்சிக்கு இணை கிடையாது. தொட்டியில் தருவதைப் போலப் பல மடங்கு அங்கே தரும். உங்களுக்கு இரண்டு தொட்டி இருப்பதால் இரண்டையுமே வையுங்கள். குண்டுமல்லி ஓயும் நேரத்தில் பிச்சி தொடங்கும். மார்ச் முதல் நவம்பர் வரை வீட்டில் பூ இருக்கும், டிசம்பர் முதல் பிப்ரவரி வரை மட்டும் கடையில் வாங்க வேண்டும்.

இப்போது அந்த ஆறடிப் பிச்சியை வெட்டாதீர்கள். யூரியாவை நிறுத்துங்கள். பிற்பகல் வெயில் படாத பக்கமாகத் தொட்டியை நகர்த்தி, முக்கோணக் குச்சி நட்டு, கொடிகளை நேராக மேலே இழுக்காமல் சாய்வாகச் சுற்றிக் கட்டுங்கள். நுனி தாழ்ந்தால் கக்கங்களில் கிளை பிரியும். மே மாதம் எலும்புத்தூள் 50 கிராம், பொட்டாஷ் 10 கிராம், மேலே மூடாக்கு. ஆனி நடுவில் நுனிச் சிற்றிலைகளுக்கு நடுவே ஈர்க்கு மாதிரி காம்பு மூன்றாகப் பிரிந்து வரும், ஒவ்வொன்றின் முனையிலும் மிளகளவு பச்சை மொட்டு. அதைப் பார்த்த பிறகு தொட்டியை இடம் மாற்ற வேண்டாம், ஒரு நாளும் காயவிடவும் வேண்டாம்.